தமிழில் ரகசியச் செய்தி எழுதுவது எப்படி? எழுத்துகளை இடம் மாற்றும் முறை, படிப்படியாக

ரகசியச் செய்தி எழுத இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஓர் எழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்தை வைப்பது ஒன்று. எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றின் வரிசையை மட்டும் கலைப்பது இன்னொன்று. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. கருவி எதுவும் வேண்டாம், தாளும் பென்சிலும் போதும். பிள்ளைகளோடு புதையல் விளையாட்டு ஆடவும், நண்பர்களுக்குள் எழுதிக்கொள்ளவும், சங்கேதக் கலையின் அடிப்படையைக் கையால் செய்து பழகவும் அருமையான முறை.

ஆனால் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் 26 ஆங்கில எழுத்துகளை வைத்து எழுதியவை. அதையே தமிழில் செய்ய உட்கார்ந்தபோது முதல் வரியிலேயே முட்டிக்கொண்டது. 'கொ' என்பது ஓர் எழுத்தா, மூன்று துண்டா? புள்ளி எங்கே போகும்? கலைக்கும் வரிசையைத் தீர்மானிக்கும் சாவிச்சொல்லை எந்த வரிசைப்படி எண்ணுவது? இதற்கெல்லாம் விடை தேடித் தேடிச் சேர்த்தவை கீழே. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. வங்கிக் கடவுச்சொல், ஏடிஎம் எண் போன்றவற்றை இந்த முறையில் மறைக்கவே கூடாது. நான்கு இலக்க எண்ணை எப்படிக் கலைத்தாலும் அதிகபட்சம் 24 வரிசைகள்தான் வரும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிடலாம்.

1. என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவு

கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று, பென்சில், அழிப்பான். எல்லாம் சேர்த்து நூறு ரூபாயைத் தாண்டாது. நோட்டு வாங்கும்போது பெரிய கட்டமாகப் பாருங்கள். 'ணை', 'கொ' போன்ற அகலமான எழுத்துகள் சின்னக் கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்துக் கட்டத்தில் ஏறி உட்காரும். இந்த வேலையில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பதுதான் உயிர்.

மூன்று தாள்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நீங்களும் பெறுபவரும் ஒப்புக்கொண்ட விதிகளை எழுதிய விதித்தாள். இரண்டு, கட்டம் போட்டுக் கலைக்கும் வேலைத்தாள். மூன்று, அனுப்பும் தாள். வேலைத்தாளின் மூலையிலேயே செய்தியை எழுதிக் கிழித்து அனுப்பும் ஆசை வரும். வேண்டாம்.

2. எது ஓர் எழுத்து? முதலில் இதைப் பேசி முடியுங்கள்

உங்கள் நேரத்தை அதிகம் மிச்சப்படுத்தும் படி இதுதான். ஒருவர் 20 என்று எண்ணிய செய்தியை மற்றவர் 21 என்று எண்ணினால் கட்டமே தப்பாகிவிடும், ஒரு சொல்லும் மீளாது.

நான் பரிந்துரைக்கும் விதி எளிது. பள்ளியில் எண்ணும் எழுத்தே இங்கேயும் எழுத்து. உயிர் ஒன்று, மெய் ஒன்று, உயிர்மெய் ஒன்று. 'கொ' ஓர் எழுத்து, 'க்' ஓர் எழுத்து. 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டும் வாதத்துக்கு இடம் கொடுப்பவை. ஒவ்வொன்றும் ஓர் எழுத்து என்று எழுதி வையுங்கள், அல்லது அவை வரும் சொற்களையே தவிர்த்துவிடுங்கள்.

எண்களைச் சொல்லாகவே எழுதுங்கள், 6 வேண்டாம், 'ஆறு'. கலைத்த எழுத்துகளுக்கு நடுவே ஒற்றை இலக்கம் நின்றால், செய்தியில் நேரமோ தேதியோ இருக்கிறது என்று அது கூவிச் சொல்லும். சொல் இடைவெளி, காற்புள்ளி, கேள்விக்குறி எல்லாவற்றையும் விட்டுவிடலாம்.

கணினியில் நிரல் எழுதிச் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருங்குறியில் (யூனிகோடில்) 'கு' என்பது க என்ற எழுத்தும் உகரக் குறியுமாக இரண்டு துண்டு. 'கொ' இரண்டு துண்டாகவும் இருக்கலாம், மூன்று துண்டாகவும் இருக்கலாம், திரையில் வித்தியாசம் தெரியாது. துண்டு துண்டாகக் கலைத்தால் கொம்பும் காலும் புள்ளியும் தனியே தொங்கும். முழு எழுத்துகளாகப் பிரித்த பிறகே கலையுங்கள்.

3. கை பழக ஒரு சுலப முறை

இந்தச் செய்தியை எடுத்துக்கொள்வோம்: நாளை காலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையம் வா.

பிரித்தால் 20 எழுத்து:

நா ளை கா லை ஆ று ம ணி க் கு ப் பே ரு ந் து நி லை ய ம் வா

ஒன்றுவிட்டு ஒன்றாக மேல் வரியிலும் கீழ் வரியிலும் எழுதுங்கள்.

மேலே: நா கா ஆ ம க் ப் ரு து லை ம்
கீழே: ளை லை று ணி கு பே ந் நி ய வா

மேல் வரி முழுவதையும் எழுதி, அதன் பின்னால் கீழ் வரியைச் சேர்த்தால் சங்கேதச் செய்தி தயார். ஐந்து நிமிட வேலை. பெறுபவர் சரிபாதியாக வெட்டி, மேலொன்று கீழொன்றாகக் கோத்துப் படிப்பார். இது குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு, அவ்வளவுதான். சாவி என்று எதுவுமே இல்லாததால், முறை தெரிந்த யாரும் படித்துவிடுவார்கள்.

4. சாவிச்சொல்லும் அதன் எண்களும்

இனி உண்மையான முறை. ஒரு சாவிச்சொல் தேர்ந்தெடுங்கள். இங்கே 'பனங்கிழங்கு'. எழுத்துகளைப் பிரித்து, அகராதி வரிசைப்படி எண் கொடுங்கள்.

ப ன ங் கி ழ ங் கு
5 7 3 1 6 4 2

வரிசை இதுதான்: உயிர் முதலில், பிறகு ஆய்தம், பிறகு க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன, கடைசியில் ஜ ஷ ஸ ஹ. ஒரே மெய்யின் வரிசைக்குள் புள்ளி எழுத்து முதலில் வரும், அப்புறம் அ, ஆ, இ, ஈ என்று. அதனால்தான் கி 1, கு 2. ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் இடப்பக்கம் இருப்பதற்கு முதல் எண். மேலே முதல் 'ங்' 3, அடுத்த 'ங்' 4. 'ன' வரிசையின் கடைசிப் பக்கம் என்பது பலருக்குச் சட்டென்று நினைவுக்கு வராது. அந்தப் பதினெட்டு எழுத்தையும் விதித்தாளின் தலையில் எழுதிவிடுங்கள்.

எழுத்துகள் எல்லாம் ஒரே பக்கம் ஏறிக்கொண்டே போகும் சொல்லைத் தவிர்க்கவும். எண்கள் 1 2 3 4 என்று வந்தால் கலைப்பதற்கு ஒன்றுமில்லை.

5. கட்டத்தில் நிரப்பி, நெடுக்காக எடுத்தல்

சாவிச்சொல்லுக்குக் கீழே செய்தியை வரி வரியாக நிரப்புங்கள்.

ப ன ங் கி ழ ங் கு
5 7 3 1 6 4 2
நா ளை கா லை ஆ று ம
ணி க் கு ப் பே ரு ந்
து நி லை ய ம் வா

கடைசி வரியில் ஒரு கட்டம் காலி. அதை நிரப்பாதீர்கள். கட்டம் முழுசாக நிரம்பியிருந்தால் எல்லாப் பத்திகளும் (மேலிருந்து கீழாக நிற்கும் வரிசைகள்) ஒரே நீளம் என்பது எதிராளிக்கு இலவசமாகத் தெரிந்துவிடும்.

இப்போது எண் வரிசைப்படி ஒவ்வொரு பத்தியையும் மேலிருந்து கீழாக எடுங்கள். 1 என்ற பத்தி: லை ப் ய. 2 என்ற பத்தி: ம ந். இப்படியே ஏழு வரை. ஐந்தைந்தாகப் பிரித்து எழுதினால்:

லை ப் ய ம ந் / கா கு லை று ரு / வா நா ணி து ஆ / பே ம் ளை க் நி

எழுதும்போது எழுத்துகளுக்கு இடையே இடம் விடுங்கள். சாதாரண எழுத்தில் 'கெர'வும் 'கொ'வும் கையெழுத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும் பொருளை வைத்துச் சரியாகப் படித்துவிடுவோம். கலைத்த எழுத்தில் பொருளே கிடையாது. 'கெள' என்ற இரண்டு எழுத்தா, 'கௌ' என்ற ஒன்றா என்பதைப் பெறுபவர் ஊகிக்க முடியாது. போனில் வாசித்துக் காட்டுவதாக இருந்தால் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்த பெயர்கள் கைகொடுக்கும். தட்டச்சு செய்து அனுப்பினால் விசைப்பலகையின் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். தனியாக நிற்கும் 'ந்' என்ற எழுத்தை அது ஏதாவது சொல்லாக மாற்றி வைக்கும்.

6. பெறுபவர் செய்ய வேண்டியது

மொத்த எழுத்தை எண்ணி, சாவியின் நீளத்தால் வகுக்க வேண்டும். 20ஐ 7ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 6. அதாவது இடப்பக்கமிருந்து முதல் ஆறு பத்திகளுக்கு மூன்று எழுத்து, கடைசிப் பத்திக்கு இரண்டு எழுத்து. எழுத்தை நிரப்பும் முன்பே காலிக் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். இதைச் செய்யாமல் நிரப்பத் தொடங்குவதுதான் புதியவர்கள் அதிகம் விழும் குழி. 'கு' பத்தியின் எண் 2. அதில் மூன்று எழுத்தைப் போட்டுவிட்டால் அதற்குப் பின் வரும் அத்தனையும் ஓர் இடம் தள்ளிப்போகும்.

பிறகு 1ஆம் பத்தியில் மூன்று, 2ஆம் பத்தியில் இரண்டு என்று நெடுக்காக நிரப்பி, குறுக்காகப் படிக்கலாம்.

பழக ஒரு செய்தி, இதே சாவிதான்:

டை த க ள் தா / தி ழு கி த் ங் / க த ய் எ வி / அ யை து த் செ / ள் டை டு நீ ங்

25 எழுத்து. மீதி எவ்வளவு, எந்தெந்தப் பத்தி நீளம் என்று பார்த்துத் தொடங்குங்கள். முதல் தடவை கால் மணி நேரம் ஆகலாம்.

7. ஒருமுறை கலைத்தால் ஏன் போதாது

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள், ஏனென்றால் தமிழுக்கே உரிய ஆபத்து இது. நம் புள்ளி எழுத்துகள் காட்டிக்கொடுத்துவிடும். 'க்' வந்தால் அடுத்தது பெரும்பாலும் க வரிசை. 'ப்' வந்தால் ப வரிசை. 'ங்' வந்தால் க வரிசை. எதிராளி தமிழ் தெரிந்தவர் என்றால் இதுவே அவருக்குப் பாதிச் சாவி.

மேலே ஐந்தாம் படியில் வந்த சங்கேதத்தையே உடைத்துப் பார்ப்போம். சாவி தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'க்' 19ஆவது எழுத்தாக நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் வரத் தகுந்தவை 'கா', 'கு' இரண்டுதான். 'கு'வை எடுத்துப் பார்ப்போம். சங்கேதத்தில் 'க்'குக்கு முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளையும், 'கு'வுக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றையும் மேலிருந்து கீழாக எழுதி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்:

ளை கா
க் கு
நி லை

'நிலை' என்று ஒரு சொல் எழுந்து நிற்கிறது. அடுத்து 'ப்'பையும், ப வரிசையில் இருக்கும் ஒரே எழுத்தான 'பே'யையும் அதேபோல் வையுங்கள்:

லை ஆ
ப் பே
ய ம்

'யம்' வந்துவிட்டது. போதாததற்கு 'ஆ' உயிரெழுத்து. உயிர் சொல்லின் தொடக்கத்தில்தான் வரும் என்பதால், அங்கே ஒரு சொல் தொடங்குகிறது என்பதும் தெரிந்துவிட்டது. 'நிலை', 'யம்' இரண்டையும் ஒட்டிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? ஏழில் நான்கு பத்திகள் வரிசையாகிவிட்டன. கணினியே தேவைப்படவில்லை. கணினி இருந்தால் இன்னும் மோசம், ஏழு எழுத்துச் சாவிக்கு மொத்தம் 5,040 வரிசைகள்தான்.

இதற்கு மூன்று மருந்து. முதலாவது, சந்தியில் மிகும் ஒற்றை விட்டுவிடுவது. 'மணிக்குப் பேருந்து' என்பதை 'மணிக்கு பேருந்து' என்று எழுதினால் அந்த 'ப்' இருக்காது. பிழையில்லாமல் எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கை கூசும்தான், ஆனால் இங்கே அந்தப் பிழை பாதுகாப்பு. இரண்டாவது, உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரித்து எழுதுவது. 'காலை' என்பது க் ஆ ல் ஐ ஆகும். நம் 20 எழுத்துச் செய்தி 35 ஆக நீளும், வேலையும் கூடும். ஆனால் எல்லா மெய்யும் புள்ளியோடு வருவதால் எந்தப் புள்ளியும் தனித்துக் காட்டிக்கொடுக்காது. மூன்றாவதுதான் வலுவானது.

8. இருமுறை கலைத்தல்

கிடைத்த சங்கேதத்தை வேறொரு சாவிச்சொல்லால் இன்னொரு முறை அதேபோல் கலைப்பதுதான். இரண்டாவது சாவி வேறு நீளத்தில் இருக்கட்டும். இங்கே 'செம்பருத்தி':

செ ம் ப ரு த் தி
1 5 4 6 2 3

ஐந்தாம் படியின் 20 எழுத்தை இந்த ஆறு பத்திகளில் நிரப்பி எடுத்தால் வருவது:

லை கு ணி க் ந் / வா ம் கா நா ளை / ய று ஆ ப் லை / து நி ம ரு பே

இரண்டாவது குழுவின் கடைசியைப் பாருங்கள். 'நாளை' என்ற சொல் தற்செயலாக மறுபடி சேர்ந்துவிட்டது! செய்தி குட்டியாக இருந்தால் இப்படி நடக்கும். அனுப்பும் முன் ஒருமுறை முழுவதையும் வாசித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

சரி செய்வது சுலபம். செய்தியின் கடைசியில் பொருளில்லாத இரண்டு எழுத்துகளைச் சேருங்கள். 'பு', 'ன' என்று சேர்த்து, 22 எழுத்தாக முதல் படியிலிருந்து மறுபடி இருமுறையும் கலைத்தால்:

லை கா நா ம் ந் / ரு ஆ பு வா பே / ய லை து க் ப் / கு ணி ளை ம று / ன நி

'நாளை' போய்விட்டது. இப்படிச் சேர்க்கும் வெற்றெழுத்துகள் சாதாரணமானவையாக இருக்க வேண்டும். ஃ, ஹ போன்றவற்றைச் சேர்த்தால் அவை வெற்றெழுத்து என்று பார்த்ததும் தெரிந்துவிடும். மொத்த எண்ணிக்கை இரண்டு சாவி நீளங்களில் எதனாலும் வகுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 22 என்பது 7ஆலும் வகுபடாது, 6ஆலும் வகுபடாது.

பெறுபவர் பின்னாலிருந்து வர வேண்டும். முதலில் 'செம்பருத்தி'யால் அவிழ்த்து, அப்புறம் 'பனங்கிழங்கு'. மாற்றிச் செய்தால் ஒன்றும் வராது.

நேரம்: கலைக்க அரை மணி, பெறுபவர்போல் நீங்களே ஒருமுறை அவிழ்த்துச் சரிபார்க்க இன்னொரு அரை மணி. இந்தச் சரிபார்ப்பைத் தள்ளிப்போடாதீர்கள். ஓர் எழுத்து விட்டுப்போனால்கூட இரண்டு கட்டங்களிலும் எல்லாம் நகர்ந்துவிடும்.

9. சாவி விஷயத்தில் வரும் பொறிகள்

எடுத்துக்காட்டுக்காக ஏழும் ஆறும் எழுத்துச் சாவி வைத்தேன். நீங்கள் பத்துக்குக் குறையாமல் வையுங்கள். 'கொடுக்காப்புளி மரம்' பத்து எழுத்து. இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்தும் வைக்கலாம்.

எல்லாருக்கும் மனப்பாடமான குறள், சினிமாப் பாட்டின் பல்லவி, பெயர், ஊர்ப்பெயர் எதுவும் வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் எஸ்.ஓ.இ. என்ற பிரிட்டிஷ் ரகசிய அமைப்பின் ஆட்கள், மனப்பாடம் செய்த கவிதையிலிருந்து சொற்களை எடுத்து இதே இருமுறைக் கலைப்பைச் செய்தார்கள். கவிதை புகழ்பெற்றதாக இருந்தால், சில சொற்களைக் கண்டுபிடித்த எதிரி முழுக் கவிதையையும் பிடித்து மற்ற செய்திகளையும் படித்துவிட முடியும். அந்த அமைப்பின் சங்கேதப் பிரிவில் இருந்த லியோ மார்க்ஸ், யாரும் அறியாத புதுக் கவிதைகளை எழுதிக் கொடுத்தார். பிறகு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சாவிகளைப் பட்டுத்துணியில் அச்சிட்டுக் கொடுக்க வைத்தார். பயன்படுத்திய பகுதியை வெட்டி எரித்துவிடலாம்.

ஒரே சாவியில், ஒரே நீளத்தில் இரண்டு செய்தி அனுப்பவே அனுப்பாதீர்கள். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பத்தி பத்தியாக நகர்த்தி, இரண்டு வரியிலும் ஒரே நேரத்தில் சொல் வரும்வரை முயன்றால், இருமுறைக் கலைப்பும் உடையும். ஒரு செய்திக்கு ஒரு சோடிச் சாவி என்பது நல்லது. முடியாவிட்டால் வெற்றெழுத்தைக் கூட்டியாவது நீளத்தை மாற்றுங்கள்.

சாவியைச் செய்தி போகும் வழியிலேயே அனுப்பக் கூடாது. நேரில் பார்க்கும்போது பத்துச் சோடியை எழுதிக் கொடுத்துவிடுங்கள். எத்தனையாவது சோடி என்பதை மட்டும் செய்தியோடு தெரிவிக்கலாம். 'நான்காவது' என்ற சொல் யார் கையில் கிடைத்தாலும் பயனில்லை.

10. வேலைத்தாளை என்ன செய்வது

கட்டம் போட்ட வேலைத்தாளில் செய்தி முழுசாக, சாவிச்சொல்லோடு இருக்கிறது. எவ்வளவு பாடுபட்டுக் கலைத்தாலும் அந்தத் தாள் மேசையில் கிடந்தால் முடிந்தது. நோட்டோடு வைத்து எழுதாமல் தாளைக் கிழித்து எடுத்து, பரீட்சை அட்டை போன்ற கெட்டியான ஒன்றின்மேல் வைத்து எழுதுங்கள். பென்சிலை அழுத்தினால் அடியில் இருக்கும் தாளில் தடம் விழும், சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் படிக்கலாம்.

சரிபார்த்து முடித்ததும் வேலைத்தாளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்துவிடுங்கள். வெறுமனே நான்காகக் கிழித்துக் குப்பையில் போடுவது போதாது. விதித்தாளில் எழுத்து விதியும் அகராதி வரிசையும் மட்டும் இருக்கலாம், அது யார் கண்ணில் பட்டாலும் பரவாயில்லை. சாவிப் பட்டியலை மட்டும் அதோடு சேர்த்து வைக்காதீர்கள். ஒரு சோடியைப் பயன்படுத்தியதும் அதை இரண்டு பேருமே அன்றைக்கே அடித்துவிட வேண்டும்.